பன்முக ஆட்டக்காரரின் பெறுமதி: மார்க் பிளிட்சாவ்ஸையும் சில பன்றிகளையும் முன்வைத்து ஒரு விசாரணை

இயல் ஒன்று: ஆய்வு அறிமுகம்

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் 'இது இதுவரை எவரும் கால் பதிக்காத களம்' என்று எழுதுவது மரபு. ஏன் ஒருவரும் பதிக்கவில்லை என்ற பேச்சையே எடுக்காமல் இரண்டாம் பக்கத்துக்குத் தாவிவிடுவது அதைவிடப் பழைய மரபு. இரண்டையும் இக்கட்டுரை போற்றுகிறது.

ஆய்வுச் சிக்கல் வருமாறு. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடிவிடுகிற ஒருவர், ஒரே இடத்தில் நின்று அங்கு மட்டும் ஜொலிக்கிறவரைவிட மதிப்பு கூடியவரா, குறைந்தவரா? விக்டோரியா மாநிலத்தில் மார்ச் தொடங்கி செப்டம்பர் முடிய வார இறுதிதோறும் இக்கேள்வி எழுகிறது, தீர்வதில்லை. தீராத கேள்வியே ஆய்வுக்கு உகந்தது. தீர்ந்துபோனால் உதவித்தொகை நின்றுவிடும்.

ஆய்வு எல்லை: ஜீலாங் அணியின் மார்க் பிளிட்சாவ்ஸ் ஒருவர் மட்டும். ஆய்வு எல்லை என்பது பணிவான குரலில் போடப்படும் வேலி. ஆய்வாளருக்குத் தெரிந்தது எங்கே முடிகிறதோ அங்கே அது நடப்பட்டிருக்கும்.

முதன்மை ஆதாரங்கள்: கார்டினியா பார்க் மைதானத்தில் எனக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து கத்தியவர்கள். துணைமை ஆதாரங்கள்: அவர்களுடைய மைத்துனர்கள். பெயர் தெரியாத இச்சான்றோர்களை இருக்கையாலும் கையில் வைத்திருந்த பண்டத்தாலும் அடையாளம் காட்டியிருக்கிறேன். இம்முறையில் பக்க எண் தர இயலாது. நம் ஆய்வேடுகள் தரும் பக்க எண்ணை நம்பி மூலநூலைப் புரட்டியவர்கள் அங்கே வேறேதோ இருக்கக் கண்டு திரும்பியிருக்கிறார்கள் ஆகையால், இழப்பு பெரிதல்ல.

கருதுகோள்: முடிவு தெரிந்தபின் அதற்கேற்ப எழுதிச் சேர்க்கப்படும்.

இயல் இரண்டு: களமும் கருவியும்

களம் எத்தகைத்தோ எனின், நீள்வட்டம் என்க. பந்து எத்தகைத்தோ எனின், அதுவும் நீள்வட்டம் என்க. நீள்வட்டப் பந்து நேராகத் துள்ளாதன்றோ எனின், துள்ளாது. அதுவே இவ்வாட்டத்தின் உயிர் என்க.

உரையாசிரியர் பீடத்திலிருந்து இறங்கிச் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். 1858இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரர், குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஏதாவது ஆட்டம் வேண்டும் என்று மெல்போர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் போட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் அவரும் இன்னும் சிலரும் கூடி விதிகளை எழுதினார்கள். (இக்கடிதத்தை வாசகர் நினைவில் வைக்கவும். இயல் ஏழில் இன்னொரு கடிதம் வருகிறது. இரண்டுக்கும் முடிச்சுப் போடாமல் இவ்வாய்வாளன் ஓயமாட்டான்.) ஓர் அணிக்கு 18 பேர். மைதானத்தின் அளவு ஊருக்கு ஊர் மாறும். நீளம் 135 மீட்டரும் இருக்கலாம், 185 மீட்டரும் இருக்கலாம். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி. குறி தப்பிப் பக்கத்து இடைவெளியில் போனாலும் 1 புள்ளி. நம் பள்ளிகளில் கருணை மதிப்பெண் என்று கூச்சத்தோடு போடுவதை அங்கே 'பிஹைண்ட்' என்று பெயர் வைத்துக் கொடியசைத்துப் போடுகிறார்கள்.

பதினெட்டு என்ற எண்ணைக் கண்டதும் பதினெண் சித்தர், பதினெண் கீழ்க்கணக்கு, பதினெட்டாம்படிக் கருப்பு என்று ஓடத் துடித்த கையை இவ்வாய்வாளன் இன்னொரு கையால் பிடித்து வைத்திருக்கிறான். லீக்கில் அணிகளும் பதினெட்டுத்தான் என்ற குறிப்பை மட்டும் தந்து, ஆர்வமுள்ள முனைவர்களிடம் பொருளை ஒப்படைக்கிறான்.

பதினெட்டுப் பேரும் மூன்று மூன்றாக ஆறு வரிசை. நாளிதழில் அணிப்பட்டியல் அச்சாகும்போது ஒவ்வொரு பெயரும் அதனதன் கட்டத்தில் உட்காரும். ஃபுல் ஃபார்வர்ட் பாடல் பெற்ற தலம். டோனி லாக்கெட் தம் 1,360 கோல்களுக்குப் பெயர் வாங்கியது அங்கே நின்றுதான். ரக், நெட்டையர்களுக்கு உரியது. நடுவர் மேலெழுப்பும் பந்தை எட்டித் தட்டிவிட வேண்டும். ரோவர், தட்டியதைப் பொறுக்குபவர். ஃபுல் பேக், கம்பத்தடிக் காவல். பேக் பாக்கெட், காவலுக்குப் பக்கத்து வீடு. இக்கட்டங்கள் எதிலும் நிலையாக உட்காராத ஒருவரும் உண்டு. அவரை 'யுட்டிலிட்டி' என்கிறார்கள். 'பயன்பாட்டாளர்' என்று கலைச்சொல் ஆக்கலாம். மின்வாரியக் கடிதம்போல ஒலிப்பதால் ஆக்கவில்லை.

இயல் மூன்று: விங்

விங்கில் ஆடுபவர் ஓடுவார்.

இயல் மூன்று முற்றிற்று.

இயல் நான்கு: ஆட்டக்காரர் வரலாறு

பிளிட்சாவ்ஸின் உயரம் 198 சென்டிமீட்டர். குடும்பத் தொழில் கூடைப்பந்து. தந்தை ஆண்ட்ரிஸ் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்காக ஆடியவர். மகனும் கூடைப்பந்து ஆடிப் பார்த்தார். பிறகு ஓட்டத்துக்குப் போனார். அதிலும் சாதாரண ஓட்டமில்லை. 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ். தடுப்புச் சட்டங்கள் 28 முறை, தண்ணீர்க் குழி 7 முறை, ஆக 35 இடையூறுகளைத் தாண்டி ஓட வேண்டும். (முனைவர் பட்டப் பதிவு முதல் வாய்மொழித் தேர்வுவரை ஒருவர் தாண்டுபவை இதைவிடக் கூடுதல். தண்ணீர் குறைவு.) 2012 லண்டன் ஒலிம்பிக் கனவு இருந்தது. இடையில் ஜீலாங் அணி 2011இன் இறுதியில், புதுமுகங்களுக்கான ரூக்கிப் பட்டியலில் அவரைச் சேர்த்தது. 2013இல் முதல் ஆட்டம். அதுமுதல் அவரை ரக்கில் நிறுத்தினார்கள், விங்கில் நிறுத்தினார்கள், நடுக்களத்தில் விட்டார்கள், எதிரணியின் உயரமான முன்களக்காரர்மேல் காவல் போட்டார்கள். 2015இலும் 2018இலும் அணியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. இரண்டாவதைத் தற்காப்பு வரிசையில் ஆடி வாங்கினார். 2022இல் ஜீலாங் சிட்னியை 81 புள்ளி வித்தியாசத்தில் சாய்த்துக் கோப்பை வென்ற இறுதியாட்டத்திலும் இருந்தார்.

அந்த விருதின் பெயர் கார்ஜி கிரீவ்ஸ் பதக்கம். 1924இல், லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான முதல் பிரவுன்லோ பதக்கம் வாங்கிய ஜீலாங்காரரின் பெயர் அது. கார்ஜி என்ற செல்லப் பெயர், அக்காலத்து இசை நாடகம் ஒன்றில் வந்த ராஜா பாத்திரத்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். எந்த ஊர் ராஜா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கட்டுரை நாற்பது பக்கம் நீளும். 'எல்லாம் நம்மிடமிருந்து போனதே' துறையினர் கிளம்பிவிடுவார்கள். நீள்வட்டப் பந்து பனங்காயிலிருந்து வந்ததென்று யாராவது நிறுவிவிடுவார்கள்.

இயல் ஐந்து: பரபக்கம்

பிறர் கொள்கையை எடுத்துக்கூறி மறுப்பது பரபக்கம். தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம். இவ்வாய்வாளனுக்குக் கொள்கை இல்லாமையால் முன்னது மட்டுமே உண்டு.

ரசிகர்களை எங்கும்வாதிகள், ஓரிடவாதிகள், இன்மைவாதிகள், விற்பனைவாதிகள் என நான்காகப் பகுக்கலாம்.

எங்கும்வாதிகளுக்கு அவர் தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார். ஆட்டம் கைநழுவும்போதெல்லாம் 'அவனை அங்கே போடு' என்பது இவர்களுடைய மூலமந்திரம். 'அங்கே' என்பது பந்து அப்போது எங்கே இருக்கிறதோ அது (கம்பியோரம், நீல வெள்ளைக் கழுத்துத்துணி, முதல் கால்பகுதி). இவர்கள் சார்பில் இன்னொரு அணியின் வரலாறும் காட்டப்படும். 1984 இறுதியாட்டத்தில் மூன்றாம் கால்பகுதி முடிவில் எசெண்டன் 23 புள்ளி பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் கெவின் ஷீடி பலகையில் ஆட்டக்காரர்களைக் குறிக்கும் காந்த வில்லைகளை இடம்மாற்றினார். தற்காப்புக்காரர் பில்லி டக்வொர்த் முன்களத்துக்குப் போனார். எசெண்டன் 24 புள்ளியில் வென்றது. ஆட்டநாயகருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் டக்வொர்த்துக்குப் போயிற்று. அன்றிலிருந்து ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு ரசிகனும் மனத்துக்குள் ஒரு காந்தப் பலகை வைத்திருக்கிறான்.

ஓரிடவாதிகள் கறாரானவர்கள். 'எங்கும் ஆடுவான் என்றால் எங்கும் முதல்வன் இல்லை என்று பொருள்' என்பது இவர்களுடைய சூத்திரம் (மூன்றாம் வரிசை, கையில் இறைச்சிப் பை, வாய் நிறைய, எனவே பாடம் ஐயத்திற்குரியது). பிரவுன்லோ பதக்கத்தைச் சான்று காட்டுவார்கள். ஆட்டத்துக்கு 3, 2, 1 என்று நடுவர்கள் போடும் வாக்கு அது. நடுவர் பந்தின் பின்னால் ஓடுபவர். ஆகவே பந்தின் பக்கத்திலேயே இருக்கும் நடுக்களக்காரருக்கே அது பெரும்பாலும் போகிறது. எங்கும் நிற்பவன் எவர் கண்ணிலும் நிற்பதில்லை.

இதற்கு மறுப்பாக மேத்யூ பாவ்லிச்சைக் கொண்டுவருவார்கள். ஃப்ரிமான்டில் அணிக்காக 353 ஆட்டம், சரியாக 700 கோல். ஆறு முறை ஆண்டின் தேசியத் தேர்வணியில் இடம்பெற்றவர். தற்காப்பு, நடுக்களம், முன்களம் என்று மூன்று பகுதியிலும் தேர்வானவர். மூன்றாம் வரிசைக்காரர் இதைக் கேட்டு அசரவில்லை. 'ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தானே நின்றான்?' என்றார் (மேற்படியார், திருத்திய இரண்டாம் பதிப்பு, சட்டையில் சாஸ் சிந்தியபின்).

இங்கே அறிவுலகம் நின்று கவனிக்க வேண்டும். அவ்வொரு வாக்கியத்தால் அவர் பன்முகத்தை இரண்டாகப் பிளந்துவிட்டார். ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே என்று நகர்வது தொடர்ப்பன்முகம். ஒரே ஆட்டத்தில் முதல் கால்பகுதி காவல், இரண்டாவதில் ரக், மூன்றாவதில் விங் என்று அலைவது உடனிகழ்ப் பன்முகம். பாவ்லிச் முன்னதற்குக் காட்டு, பிளிட்சாவ்ஸ் பின்னதற்கு. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் 'தொடருடனிகழ்ப் பன்முகம்' என்று மூன்றாவது ஒன்று இருக்கலாம் என்றும், அது தம்முடைய 1980களின் கட்டுரையிலேயே குறிப்பாக உணர்த்தப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார். அக்கட்டுரை கலித்தொகை பற்றியது.

இன்மைவாதிகள் சுருங்கச் சொல்பவர்கள்: அவன் காயப்பட்டு உட்காரும்போதுதான் தெரியும்.

விற்பனைவாதிகளுக்கு எல்லாம் கொடுக்கல் வாங்கல். 'இப்போது விற்றால் எந்தத் தேர்வெண் கிடைக்கும்?' என்பதே பேச்சு. இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும்போது எந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்று லீக் 2015இல் ஓர் அட்டவணை வகுத்தது. அதில் அப்போது முதல் எண்ணுக்கு 3,000 புள்ளி, இரண்டாவதற்கு 2,517, கீழே இறங்க இறங்கத் தேய்ந்து பூஜ்யம் என்று இருந்தது. மீன் சந்தையில் வஞ்சிரம் முதலில், காரப்பொடி கடைசியில் என்பதுபோல. ரூக்கிப் பட்டியல் வழியாக வந்தவருக்கு இந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. ஆகவே அட்டவணைப்படி பிளிட்சாவ்ஸின் பெறுமதி பூஜ்யம். அவர் வந்ததற்குப் பின்னால் போட்ட அட்டவணையை வைத்து அவரை அளப்பது காலவழுவல்லவா என்று கேட்கலாம். பிற்கால இலக்கணத்தை வைத்து முற்காலப் பாட்டைத் திருத்திய மரபில் வந்தவர்களிடம் இப்படிக் கேட்பது நன்றாயில்லை.

நால்வருமே கவனிக்கத் தவறிய ஒன்றுண்டு. அதைப் பெஞ்சில் தேட வேண்டும். 1930வரை மாற்று ஆட்டக்காரரே இல்லை. அவ்வாண்டு பத்தொன்பதாம் ஆள் வந்தார், 1946இல் இருபதாம் ஆள் வந்தார். உள்ளே போனவர் போனவர்தான், வெளியே வந்தவர் வந்தவர்தான். 1978இல் போய்வர அனுமதி கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் தியேட்டர் இடைவேளைபோல எல்லோரும் போய் வந்துகொண்டிருந்தார்கள். 2014இல் அணிக்கு ஆட்டத்துக்கு 120 முறைதான் என்று கட்டு போட்டார்கள். 2016இல் 90. 2021இல் 75. கட்டு இறுக இறுக, பெஞ்சுக்கு வராமல் களத்துக்குள்ளேயே இடம் மாறக்கூடிய, மூச்சு வாங்காத ஆளுக்கு விலை கூடியது. இரண்டு பேரை மாற்றிச் செய்ய வேண்டியதை, ஒருவரை இருபது அடி தள்ளி நிற்கச் சொல்லிச் செய்துவிடலாம். முப்பத்தைந்து இடையூறு தாண்டி ஓடிப் பழகியவரை ஜீலாங் ஏன் பிடித்து வைத்தது என்பதற்கு இதைவிடப் பெரிய மர்மம் தேவையில்லை. இவ்விளக்கம் மிக எளிதாக இருப்பதால் ஆய்வேட்டில் சேர்க்கத் தகுதியற்றது. வாசகர் இப்பத்தியை மறந்துவிடவும்.

இயல் ஆறு: ஒரு சதவீதம்

இந்த ஆட்டத்தின் புள்ளிவிவரத்தில் 'ஒன் பர்சென்டர்' என்று ஒரு பத்தி உண்டு. எதிராளி பிடிக்கப் போகும் பந்தைக் குத்தித் தள்ளுவது, உதைபடும் பந்தின்மேல் பாய்ந்து அமுக்குவது, தோழன் ஓட வழிவிட்டு எதிராளியின் குறுக்கே நிற்பது ஆகிய கவர்ச்சியில்லாத காரியங்களை அதில் எண்ணுகிறார்கள். பன்முக ஆட்டக்காரருக்கு இப்பத்தியில் வரவு அதிகம். பெயரின்படி ஒவ்வொன்றும் ஒரு சதவீதம். ஆகவே நூறு சேர்ந்தால் ஒரு முழு மனிதர் ஆகவேண்டும். ஒரு பருவத்தில் ஒருவர் நூற்றுக்குமேல் சேர்த்துவிட்டால் களத்தில் பத்தொன்பது பேர் நிற்பதாகக் கொள்ளலாமா? அது விதிமீறல் ஆகாதா? லீக் அலுவலகத்துக்கு எழுதலாமென்று இருக்கிறேன்.

எண்ணுபவர்களின் வரலாறும் இங்கே சொல்லத்தக்கது. 1970 இறுதியாட்டம், மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1,21,696 பேர். அந்தக் கூட்டம் இன்றுவரை முறியாத கணக்கு. இடைவேளையில் கார்ல்டன் 44 புள்ளி பின்தங்கியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸை உள்ளே அனுப்பினார்கள். வந்தவர் நான்கு கோல் அடித்தார். கார்ல்டன் காலிங்வுட்டை 10 புள்ளியில் வென்றது. ஹாப்கின்ஸ் பின்னாளில் கவிதை எழுதினார், பதிப்பகம் நடத்தினார், கடைசியில் இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு உதையையும் எண்ணும் சாம்பியன் டேட்டா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

பெஞ்சுக்காரர், கவிஞர், பதிப்பாளர், கணக்கர். எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒருவர் தொடங்கி வைத்த கணக்குத்தான் இன்று எந்தக் கட்டத்திலும் அடங்காதவரை எப்படி எண்ணுவது என்று விழிக்கிறது. இதில் ஓர் அருமையான தொடர்பு இருக்கிறது. ஆனால் உண்மையான தொடர்பு என்பதால் நான் மேலே போகவில்லை. எனக்கு வேண்டியது கற்பனைத் தொடர்பு. அது அடுத்த இயலில் இருக்கிறது.

இயல் ஏழு: வண்டி

ஆஸ்திரேலியர்கள் 'யூட்' என்று கொஞ்சும் வண்டி ஒன்று உண்டு. 'யுட்டிலிட்டி' என்பதன் சுருக்கம். முன்பாதி கார், பின்பாதி சரக்குத் தட்டு.

அது பிறந்த ஊர் எது? ஜீலாங்.

இக்கண்டுபிடிப்பு நேர்ந்தபோது இவ்வாய்வாளன் நாற்காலியிலிருந்து எழுந்து அறையைச் சுற்றி இரண்டு முறை நடந்தான் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஃபோர்ட் நிறுவனம் 1925இல் ஜீலாங்கில் காலூன்றியது. அதே 1925 முதல் ஜீலாங் கால்பந்து அணிக்கு அதுவே ஆதரவாளர். அதே 1925இல் ஜீலாங் தன் முதல் லீக் கோப்பையை வென்றது. ஒரே ஆண்டில் மூன்று! இதைத் தற்செயல் என்பவர் ஆய்வாளர் அல்லர்.

வண்டியின் வரலாறு இப்படிச் சொல்லப்படுகிறது. 1930களின் தொடக்கம், பணமுடைக் காலம். விக்டோரியாவின் கிப்ஸ்லாந்துப் பகுதியிலிருந்து ஓர் உழவர் மனைவி ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். காரும் லாரியும் தனித்தனியாக வாங்க வசதியில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமல் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகவும் ஒரே வண்டி வேண்டும் என்பது விண்ணப்பம். லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் காரின் பக்கத் தகட்டைப் பின்தட்டுவரை ஒரே உடலாக இழைத்துவிட்டார். 1934இல் வண்டி வெளிவந்தது.

இப்போது இரு கடிதக் கோட்பாடு. 1858இல் ஒரு கடிதம்: கிரிக்கெட்காரனின் உடம்பு குளிர்காலத்துக்கும் உதவ வேண்டும். 1930களில் ஒரு கடிதம்: தேவாலய வண்டி சந்தைக்கும் உதவ வேண்டும். இரண்டும் விக்டோரியாவில் எழுதப்பட்டவை. இரண்டும் 'இருப்பதைக்கொண்டே இன்னொன்றையும் செய்' என்பவை. ஆகவே ஆஸ்திரேலியக் கால்பந்தும் யூட் வண்டியும் பிளிட்சாவ்ஸும் ஒரே மூலத்தின் மூன்று கிளைகள் என்பது வெள்ளிடைமலை. இக்கோட்பாட்டை இதுவரை எவரும் ஏற்கவில்லை என்பது அதன் புதுமைக்குச் சான்று.

இயல் எட்டு: வண்டி (தொடர்ச்சி)

திங்கட்கிழமை பன்றி ஏறிய வண்டியில் அடுத்த ஞாயிறு தேவாலயத்துக்குப் போனால் வாசனை என்ன ஆகும்?

இதுவே பன்முகத்தின் அடிப்படைச் சிக்கல். ஓரிடவாதிகள் தம்மை அறியாமலேயே இதைத்தான் கேட்கிறார்கள். ரக்கில் மோதிவிட்டுத் தற்காப்புக்கு வந்தவர்மேல் ரக்கின் வாசனை இருக்காதா? தட்டிவிடப் பழகிய கை, பிடிக்க வேண்டிய பந்தையும் தட்டிவிடாதா? சமய நூல்களில் பூர்வவாசனை என்று இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. பிளிட்சாவ்ஸுக்கு முற்பிறவிகள் இரண்டு: கூடைப்பந்து, ஸ்டீபிள்சேஸ். ஆரம்ப ஆண்டுகளில் அவர் பந்தைக் காலால் தொடும்போதெல்லாம் முற்பிறவிகள் எட்டிப் பார்த்தன என்பார் உண்டு (நான்காம் வரிசை, குடை, இரண்டாம் கால்பகுதி).

மறுதரப்பு கூறுவதாவது: யூட் வண்டியில் பன்றி பின்தட்டில், பக்தர் முன்னறையில். இரண்டுக்கும் நடுவே தடுப்பு உண்டு. ஆகவே வாசனை கடவாது. இதற்கு எதிர்வாதம்: லூ பாண்டின் சிறப்பே வெளித்தகட்டைப் பிரிக்காமல் ஒன்றாக இழைத்ததல்லவா? பிரிவில்லாத உடலில் வாசனைக்கு எல்லை எங்கே? இதற்கு மறு எதிர்வாதம்: வாசனை தகட்டில் செல்வதில்லை, காற்றில் செல்கிறது. அதற்கும் மறுப்பு: வண்டி முன்னோக்கி ஓடும்போது காற்று பின்னோக்கிப் போகும், ஆகவே ஓடும்வரை வாசனையில்லை, நின்றால்தான் உண்டு.

ஓடும்வரை வாசனையில்லை! ஸ்டீபிள்சேஸ்காரர் ஏன் நிற்பதே இல்லை என்பது இங்கே விளங்குகிறது.

இதை ரசிகர்களிடம் முன்வைத்துக் கருத்துக் கேட்டேன். கிடைத்த விடை ஆய்வுலகுக்கு அப்படியே தரப்படுகிறது: 'அவனை ரக்கில் போடு' (மூன்றாம் வரிசைக்காரரின் மைத்துனர் சொன்னதாக மூன்றாம் வரிசைக்காரர், தாம் அப்படிச் சொல்லவில்லை என்று மைத்துனர், சொன்னது இருவருமல்ல, தாமே என்று கழிப்பறை வரிசையில் நின்ற முதியவர், நான்காம் கால்பகுதி, கூரையில்லாத பக்கம், மழை). 'அவனை ரக்கில் போடாதே' என்றும் பாடம் உண்டு. அது காற்று எதிர்ப்புறமிருந்து வீசியபோது கேட்டது. இரண்டில் எது மூலபாடம் என்பதை அறிய, கத்தியவரையே திரும்பக் கேட்டேன். அதற்குள் ஜீலாங் ஒரு கோல் அடித்துவிட்டதால் அவர் தாம் என்ன கத்தினோம் என்பதையே மறந்து என்னைக் கட்டிக்கொண்டார். பதிப்பாசிரியர்கள் மூல ஆசிரியர் உயிரோடிருப்பதை ஏன் விரும்புவதில்லை என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

இயல் ஒன்பது: முடிவுரையும் மேலாய்வுக் களங்களும்

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுக்கு முன்கூட்டியே விடை சொல்லிவிடுகிறேன். 'இவ்வாய்வுக்கும் நம் துறைக்கும் என்ன தொடர்பு?'

துறையில் ஒருவர் இருந்தார். சங்கப் பாட்டு எடுப்பவர் விடுப்பில் போனால் அவர் எடுப்பார். இலக்கணத்துக்கு ஆள் இல்லையென்றால் நன்னூலோடு வருவார். மொழிபெயர்ப்புத் தாள், இதழியல் தாள், ஆண்டு விழா நாடகம், தேர்வு அறை மேற்பார்வை எல்லாவற்றிலும் அவரே. பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில் 'உங்கள் சிறப்புப் புலம் எது?' என்று கேட்டார்கள். அவர் சற்று யோசித்தார். யோசித்த அந்த நேரத்தில் பதவி, முப்பது ஆண்டுகளாக ஏகாரத்தை மட்டும் ஆராய்ந்துவந்தவருக்குப் போய்விட்டது. ஏகாரத்துக்காரர் நல்ல அறிஞர்தான். ஆனால் ஓகாரம் நடத்துகிறவர் விடுப்பில் போனபோது, அந்த வகுப்புக்கும் நேர்காணலில் யோசித்தவரைத்தான் அனுப்பினார்கள்.

கருதுகோளை இங்கே எழுதிச் சேர்ப்பதாக வாக்களித்திருந்தேன். எந்த முடிவும் வராததால் எந்தக் கருதுகோளும் பொருந்துகிறது; வாசகர் தமக்குப் பிடித்ததை இயல் ஒன்றில் செருகிக்கொள்ளலாம்.

மேலாய்வுக்கு உரியவை: ஒரு சதவீதத்தின் சதவீதம். மைத்துனர்களின் நம்பகத்தன்மை. விங்கில் ஆடுபவர் ஏன் ஓடுகிறார்? கிப்ஸ்லாந்துப் பன்றிகள் சந்தைக்குப் போன அந்த முதல் திங்கட்கிழமை, காருக்குள் ஏற்றப்பட்டதாக நினைத்தனவா, லாரிக்குள் ஏற்றப்பட்டதாக நினைத்தனவா? உழவர் மனைவியின் தரப்பும் ஃபோர்டின் தரப்பும் வரலாற்றில் இருக்கின்றன. பன்றிகளின் தரப்பை இதுவரை எவரும் கேட்கவில்லை.